காளியப்பன் வைத்த இலக்கு

நிறை குறைந்துவிட்டது என்று சொன்னால் முகம் மலருகிறவர்களை ஸும்றா நிறையக் கண்டிருக்கிறாள். கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்த பெண்கள், டாக்டரிடம் ஏச்சு வாங்கிய சீனி வியாதிக்காரர்கள், முழங்கால் தேய்ந்துபோன ஆசிரியைமார். ஆனால் எலும்பும் தோலுமாக நாற்பத்தேழு கிலோவில் வந்து சேர்ந்த ஒரு மனிதர், இரண்டு கிழமைக்குள் இன்னும் ஒன்றரைக் கிலோ இறங்கிவிட்டது என்று கேட்டு மீசைக்குள் சிரித்ததை அந்தத் திங்கட்கிழமைதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

சிரித்தவர் பெயர் காளியப்பன். ஐம்பத்தெட்டு வயது. கொட்டாஞ்சேனையில் வீடு, புறக்கோட்டையில் நாட்டாமி வேலை. லொறியிலிருந்து அரிசி மூட்டையையும் சீனி மூட்டையையும் முதுகில் வாங்கிக் கடைக்குள் கொண்டுபோய் அடுக்குவது. பதினேழு வயதில் ஹட்டன் பக்கமிருந்து கொழும்புக்கு வந்தவர் நாற்பது வருசமாக அதைத்தான் செய்தார். நான்கு மாதத்துக்கு முன்பு லொறியின் பின்பலகை கழன்று விழுந்து வலது தொடை எலும்பை முறித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். புண் சீழ் பிடித்தது. மூன்று மாதம் படுக்கையிலேயே போனது. எலும்பு கூடிவிட்டது, இனிக் காலை நன்றாக ஊன்றலாம் என்று எழுதிக் கொடுத்தபோது, ஊன்றுவதற்குக் காலில் சதை இல்லை.

அப்படித்தான் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றிலிருக்கிற இந்த நிலையத்துக்கு வந்தார். விபத்துக்கும் பாரிசவாதத்துக்கும் பிறகு ஆட்களை மறுபடி எழுப்பி நடக்க வைக்கிற இடம். ஸும்றா அங்கே போசணை நிபுணர். யாருக்கு என்ன சாப்பாடு, எத்தனை கிழமையில் எத்தனை கிலோ என்று இலக்கு வைப்பது அவள் பொறுப்பு. காளியப்பனின் கோப்பில் அழகாகத்தான் எழுதியிருந்தாள். வரும்போது 47.2. ஆறு கிழமையில் 51. காலையில் இரண்டு முட்டை, பத்து மணிக்குப் பால், மத்தியானம் மீன் இரண்டு துண்டு. எழுதியதெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. தட்டுகள் நக்கி வைத்ததுபோல் வெறுமையாகத் திரும்பி வந்தன. மனிதர்தான் தேய்ந்துகொண்டு போனார்.

அன்று தராசில் ஏற்றுவதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார், நாற்பத்தைந்தரைக்கு மேல் போகாது என்று. தராசு 45.6 காட்டியது. மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் நிறை சொல்கிறவருக்குத் தன் உடம்பு மட்டும் தெரியாமல் போகுமா? ஆனால் அந்தச் சிரிப்பு. அது ஸும்றாவின் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு கேள்வி உள்ளே போய்விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஊருக்கெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறவளுக்கு இது நல்ல குணமா என்று அவளுடைய உம்மா அடிக்கடி கேட்பார்.

பெரிய டாக்டருக்குச் சிரிப்பிலெல்லாம் அக்கறை இல்லை. அவர் இலக்கத்தைப் பார்த்தார். சீனி இல்லை, தைரோயிட் இல்லை, காசம் இல்லை, பூச்சி மருந்தும் கொடுத்தாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமையும் நிறை இறங்கினால் மூக்கால் குழாய் போட்டுச் சாப்பாடு இறக்குவோம் என்றார். குழாய் போட்டால் பயிற்சி நிற்கும், பயிற்சி நின்றால் தொடை இன்னும் வற்றும், பிறகு அவர் எழுந்து நிற்கவே மாட்டார். இது டாக்டருக்கும் தெரியும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று ஸும்றாவைப் பார்த்தார். அவள் கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மேசைக்கு வந்து கோப்பை எறிந்தபோது அது இன்னொரு கோப்பின் மேல் விழுந்தது. அதே அறையில் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற அலவி ஹாஜியாருடையது. எழுபத்தொரு வயது, புடைவைக் கடை முதலாளியாக இருந்து மகன்மாரிடம் விட்டவர், இடது பக்கம் வாதம். அவருக்கு ஸும்றா வைத்த இலக்கு நேர் எதிர். எண்பத்திரண்டிலிருந்து எழுபத்தாறுக்கு இறங்க வேண்டும். எண்ணெய் இல்லை, பொரியல் இல்லை, அளந்த சோறு. இரண்டு கிழமையில் ஹாஜியார் ஒன்று தசம் நாலு கிலோ ஏறியிருந்தார்.

காளியப்பன் இழந்தது ஒன்று தசம் ஆறு. ஹாஜியார் வாங்கிக்கொண்டது ஒன்று தசம் நாலு. மிச்ச இருநூறு கிராமைக் குசினிப் பூனையின் தலையில் போட்டால் விசயம் முடிந்தது. ஸும்றா தனியாக இருந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பசிக்கிற வயிறு, வாய்க்கு வருகிற சாப்பாட்டை ஏன் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிட வேண்டும்?

மறுநாள் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு அவள் சொல்லாமல் கொள்ளாமல் போய் வாசலில் நின்றாள். இரண்டு முட்டையும் ஒரு பேப்பரால் மூடப்பட்டுக் கட்டில் தாண்டிப் போயின. ஹாஜியார் நல்ல கையால் வாங்கி, இரண்டே வாயில் முடித்து, மீசையையும் துடைத்துக்கொண்டார். இவ்வளவு சுத்தமான வேலையை அவர் கடையில் கூடச் செய்திருக்க மாட்டார்.

காளியப்பனைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனபிறகு ஸும்றா ஹாஜியாரிடம் போய் உட்கார்ந்தாள். அவர் தன்மீது குற்றமில்லை என்பதை நிலைநாட்டுகிற குரலில் சொன்னார்.

“மகள், அந்த மனிசன் நிய்யத்து வெச்சீக்கிறார். ஊட்டுக்குப் போற மட்டும் முட்டையும் பாலும் தொடுறல்ல எண்டு அவங்கட கோயிலுக்கு நேந்தீக்கிறாராம். ஒருத்தன்ட நேர்ச்சைய நான் ஒடைக்கிறதா? சாப்பாடு திரும்பிப் போனா நீங்க கேப்பீங்க எண்டு, நான் உதவிதான் செஞ்சேன். இது என்ன நம்பி ஒப்படைச்ச அமானிதம். நீங்களும் யாருக்கும் செல்லப்படாது.”

நோன்பு பிடிக்கிற வீட்டில் பிறந்தவள் ஸும்றா. இன்னொருவருடைய விரதத்தை விட்டுவிடு என்று சொல்வதற்கு நாக்கு எழும்பாது. ஹாஜியாரைக் கோபிக்கவும் முடியவில்லை. அடுத்தவர் நேர்த்திக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று மனிதர் இரண்டு கிழமையாக பக்கத்துக் கட்டில்காரரின் முட்டையைத் தின்றிருக்கிறார், அதுவும் மெய்யான நல்லெண்ணத்தோடு.

சரி, நேர்த்தி நேர்த்தியாகவே இருக்கட்டும் என்று அவள் சாப்பாட்டை மாற்றி எழுதினாள். முட்டைக்குப் பதில் அவித்த கடலை, பாலுக்குப் பதில் உளுத்தங்கஞ்சி. புதன்கிழமை கடலை கட்டில் தாண்டிப் போனது. ஹாஜியாரை விசாரித்தால், கடலையும் நேர்த்தியில் சேர்த்திதானாம், காளியப்பன் முதலில் சொல்ல மறந்துவிட்டாராம். வியாழக்கிழமை கஞ்சியும் சேர்ந்துகொண்டது. அவள் என்னத்தை எழுதுகிறாளோ அதையெல்லாம் தேடிப் பிடித்து விலக்குகிற ஒரு சாமியை ஸும்றா இதுவரை கேள்விப்பட்டதில்லை.

காளியப்பனின் மனைவி மயிலம்மா கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனிக் கந்தோரைக் கூட்டித் துடைக்கிற வேலை முடித்து, பின்னேரம் மூன்றரைக்கு பஸ் ஏறி வருவாள். சின்ன உருவம். ஒரே மகள் ஜோர்தானில் தையல் தொழிற்சாலையில். புருசனுக்கு இருக்கிறது இவள் ஒருத்திதான். அன்று அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, வீட்டில் என்ன நேர்த்தி, எது எது விலக்கு என்று ஸும்றா பக்குவமாகக் கேட்டாள். மயிலம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். நேராக அறைக்குள் போனாள். ஸும்றாவும் பின்னால் போனாள்.

“எந்த சாமிக்கு வச்சீங்க? எங்கிட்ட சொல்லாம நம்ம வீட்டுல எந்த நேத்தி நடந்திருக்கு?”

காளியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹாஜியார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். தூங்குகிற ஆள் அவ்வளவு இறுக்கமாகக் கண்ணை மூட மாட்டார்.

மயிலம்மா விடவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது காளியப்பன் அவளைப் பார்க்காமல் ஸும்றாவைப் பார்த்துச் சொன்னார்.

“நாப்பது மிஸ். நாப்பதுக்கு வந்துட்டா போதும். அதான் கணக்கு.”

பிறகு மெதுவாக விளக்கினார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இரவில் அவரைக் கொமோட்டுக்கு எழுப்புவது மயிலம்மாதான். ஒரு நாள் அவள் தூக்கியபோது இடுப்பில் ஏதோ பிடித்தது. அவள் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பாரம் தூக்குகிற உடம்பு எந்த இடத்தில் உடையும் என்பது நாட்டாமிக்குத் தெரியாதா? அவளுடைய நிறை நாற்பத்து நாலு. முதுகில் மற்றவர் ஏற்றிவிட்டால் ஒரு ஆள் தன் நிறையைச் சுமக்கலாம். தரையிலிருந்து தானாகத் தூக்குவதென்றால் அதைவிட நாலு கிலோவாவது குறைய வேண்டும். அவர் அறுபத்து மூன்றாக இருந்தவர். நாற்பத்தேழு வரைக்கும் வியாதி இறக்கிக் கொடுத்துவிட்டது. மிச்சத்தைத் தானே இறக்கிக்கொண்டால், வீட்டுக்குப் போனபிறகு அவள் இடுப்பு தப்பும். அவ்வளவுதான்.

ஸும்றா படித்ததையெல்லாம் கொட்டினாள். நாற்பது கிலோவில் இதயம் என்னாகும், புண் ஏன் ஆறாது, சளிக்காய்ச்சல் வந்தால் எப்படி ஆளை அள்ளிக்கொண்டு போகும். அவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். மூட்டை எண்ணுகிற கிளார்க் சொல்வதைக் கேட்பதுபோல் தலையை ஆட்டினார். கடைசியில் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்.

“நீங்க சொல்றது சரிங்க மிஸ். ஆனா தூக்கப் போறது நீங்க இல்லீங்களே.”

மயிலம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் அழுதாளா பாசத்தில் அழுதாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நான் கேட்டேனா, என் இடுப்பு நோகுதென்று உங்களிடம் வந்து சொன்னேனா என்று அழுகைக்கிடையில் ஏசினாள்.

ஸும்றா அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நின்றபடியே யோசித்தாள். தூக்கப் போறது நீங்க இல்லீங்களே. அவருடைய கணக்கில் அவளுக்குப் பிழை தெரிந்தது, ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. ஆளின் நிறை நாற்பத்தைந்து என்றால், தூக்குகிறவள் மேல் விழுவதும் நாற்பத்தைந்தா? அவர் சாக்கு இல்லையே, காலிருக்கிற மனிதர். அப்படியானால் மயிலம்மா மேல் உண்மையில் எத்தனை கிலோ விழுகிறது? இதை யாராவது அளந்திருக்கிறார்களா? கோப்பில் அப்படி ஒரு பத்தியே இல்லை. பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ் பிரேக் போட்டபோது முன்னால் நின்ற பெண் அவள் தோளில் சாய்ந்து நிமிர்ந்தாள். ஸும்றாவுக்கு அப்போதுதான் தராசை யாருக்குக் கீழே வைக்க வேண்டும் என்று புரிந்தது.

சனிக்கிழமை மயிலம்மாவுக்கு அரைநாள். உடற்பயிற்சி சிகிச்சையாளன் நிரோஷன் மேடைத் தராசைத் தள்ளிக்கொண்டு வந்து காளியப்பனின் கட்டிலோரம் வைத்தான். அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னது காளியப்பனை அல்ல, மயிலம்மாவை. தனியே நின்றால் 44.2. இனி அவள் அதன்மேல் நின்றபடியே புருசனைத் தூக்கினால், தராசில் கூடுகிறது எவ்வளவோ அவ்வளவுதான் அவள் தாங்குகிற பாரம். நிரோஷன் தன் போனால் இலக்கமும் அவர்கள் இருவரும் தெரிய வீடியோ எடுத்தான். இப்படி ஒன்றை அவன் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

முதல் தடவை, ஆஸ்பத்திரியில் இருந்ததுபோலவே காளியப்பன் சும்மா தொங்கினார். மயிலம்மா கக்கத்துக்குள் கை கொடுத்துப் பல்லைக் கடித்துத் தூக்கினாள். 78 வரை ஏறியது. முப்பத்து நாலு கிலோ. பார்த்தீர்களா என்பதுபோல் காளியப்பன் எல்லோரையும் பார்த்தார்.

“இப்ப ரெண்டு காலையும் ஊண்டித் தள்ளுங்கோ ஐயா. ஏலுமான அளவு” என்றான் நிரோஷன்.

இரண்டாம் தடவை 71. இருபத்தேழு.

ஹாஜியார் கூட எழும்பி உட்கார்ந்துவிட்டார். இன்னொருக்கா என்றார் காளியப்பன். இன்னொருக்கா செய்தார்கள். இருபத்தாறு. மறுபடி செய்தார்கள். இருபத்தேழு. இரண்டு கிழமை பட்டினி கிடந்து அவர் இறக்கியது ஒன்று தசம் ஆறு கிலோ. வற்றிப்போன ஒரு தொடை ஒரு நிமிசத்தில் இறக்கியது ஏழு கிலோ. அவர் தன் காலை, வழியில் கண்ட யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் முட்டை தாரது உங்கட நிறைக்கில்ல ஐயா” என்றாள் ஸும்றா. “அந்தத் தொடைக்கு. அது தடிச்சா நீங்க அம்பதானாலும் அவங்களுக்கு நீங்க அஞ்சுதான்.”

காளியப்பன் உடனே நம்பிவிடவில்லை. புறக்கோட்டையில் நாற்பது வருசம் இருந்தவர். ஒரு நிபந்தனை வைத்தார். சாப்பிடுகிறேன். ஆனால் கிழமைக்கு ஒரு தடவை மயிலம்மாவைத் தராசில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவள் இலக்கம் ஏறினால் நான் என் வழியில் போவேன். பொய் இலக்கம் காட்டக்கூடாது. ஸும்றா சத்தியம் செய்தாள்.

திங்கட்கிழமை அவருடைய நிறை 45.7. ஏறியதாகச் சொல்ல முடியாது, இறங்கவில்லை என்று சொல்லலாம். பெரிய டாக்டர் கோப்பைப் புரட்டி, இலக்கு என்ற இடத்தில் 51-க்குக் கீழே ஸும்றா எழுதியிருந்ததைப் படித்தார். ‘மயிலம்மா தாங்கும் பாரம்: 5 கிலோவுக்குள்.’ மயிலம்மா யார், அவள் நமது நோயாளியா என்று கேட்டார். ஸும்றா சொன்ன கதையைக் கேட்டுவிட்டு மூன்று கிழமை தவணை கொடுத்தார். இடையில் ஒரு திங்களாவது நிறை இறங்கினால் குழாய்தான் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

முதல் கிழமை காளியப்பன் எல்லாவற்றையும் தின்றார். ஹாஜியார் பாவம், அளந்த சோற்றோடு சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காளியப்பனின் நிறை 46.5. ஸும்றா துள்ளாத குறையாகத் தராசைத் தள்ளிக்கொண்டு போனாள். மயிலம்மா ஏறினாள், தூக்கினாள். ஸும்றா நிரோஷனின் போனை வாங்கிப் பார்த்தாள். இருபத்தெட்டு. இறங்க வேண்டியது ஒன்று ஏறியிருந்தது.

போன் அவள் கையில் இருந்தது. இருபத்தைந்து என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு கிழமை கடந்தால் எல்லாம் சரியாகிவிடும், ஒரு மனிதரின் உயிர் தப்பும். அவள் காளியப்பனைப் பார்த்தாள். அவர் போனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருபத்தெட்டு” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அன்றிரவுச் சாப்பாட்டில் மீனும் முட்டையும் தொடப்படாமல் திரும்பி வந்தன. இந்தத் தடவை ஒளிக்கவும் இல்லை, ஹாஜியாருக்குக் கொடுக்கவும் இல்லை. சொன்னபடி செய்கிற மனிதர். அதுதான் ஸும்றாவைப் பயமுறுத்தியது. பொய் சொல்லியிருக்க வேண்டுமோ என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

மறுநாள் மத்தியானம், தன் சாப்பாட்டைத் திறந்து வைத்துவிட்டு அதைத் தொடாமல், நிரோஷன் அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். தொடை முன்னைவிட இறுகியிருக்கிறது, நிரோஷனும் சொன்னான். பிறகு எப்படி ஏறும்? பத்தாவது தடவையோ என்னவோ, அவள் இலக்கத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தாள். தராசு அறுபதைத் தாண்டும்போது காளியப்பனின் குதிகால் இன்னும் தரையில் அழுந்தவே இல்லை. அவர் தள்ளத் தொடங்குகிற நேரம் மயிலம்மா தூக்கி முடித்திருந்தாள்.

வீடியோவைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினாள். அவர் ஒரே தடவைதான் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“இவ முந்துறா மிஸ்.”

மூட்டையை இரண்டு பேர் பிடித்தால், முந்துகிறவன் மேல்தான் முழுப் பாரமும் விழும். மற்றவன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அவன் பலம் தூக்க வருமுன்பே மூட்டை ஏறிப் போயிருக்கும். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனும் செய்கிற பிழை. அதற்காகத்தான் அவர்கள் எண்ணிவிட்டுத் தூக்குவார்கள். ஒண்ணு, ரெண்டு, ம் என்று. அந்த ‘ம்’ வருமுன்னே கை அசைந்தால் மேஸ்திரியிடம் கெட்ட ஏச்சு விழும். பேசிக்கொண்டே அவர் தட்டிலிருந்த முட்டையை எடுத்துக் கடித்தார். ஸும்றா அதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தாள்.

மயிலம்மா வந்ததும் சொன்னார்கள். அவள் சரி சரி என்றாள். எண்ணினார்கள். ரெண்டிலேயே தூக்கிவிட்டாள். மறுபடி எண்ணினார்கள். ஒன்றிலேயே தூக்கிவிட்டாள். நிரோஷன் பொறுமையாக, கையை வெறுமனே வையுங்கள், இறுக்க வேண்டாம் என்று பத்துத் தடவை சொன்னான். ஏன் அவசரம் என்று ஸும்றா கேட்டதற்கு மயிலம்மா புருசனைப் பாராமல் சொன்னாள்.

“நா விட்டுப்புட்டு இருந்து, அவரு விழுந்துட்டா?”

நாலு மாதமாக அவள் தூக்கியதெல்லாம், அவர் விழுவதற்கு முன்னால் தூக்கியது. பாவம், நாலு மாதமும் பயமும் சேர்ந்துதான் அந்த இலக்கத்தில் ஏறியிருந்திருக்கிறது. இதை எந்த முட்டையால் சரிப்படுத்துவது?

முட்டை ஒரு பக்கம், எண்ணிக்கை ஒரு பக்கம். ஒவ்வொரு பின்னேரமும் காளியப்பன் எண்ணினார், மயிலம்மா முந்தினாள். மறுபடி எண்ணினார். ஏசவில்லை. மேஸ்திரிமார் அவரிடம் பொறுமை கற்றிருக்கலாம். இரண்டாம் கிழமை அவர் நிறை 47.3. மயிலம்மா ‘ம்’ வரைக்கும் பொறுத்தது அன்று இரண்டே தடவை. அந்த இரண்டிலும் பதினேழு. ஹாஜியார் தன் நல்ல கையால் கட்டிலில் தட்டி ஆரவாரம் செய்தார். சும்மா சொல்லக் கூடாது, அவரும் அரைக் கிலோ இறங்கியிருந்தார்.

மூன்றாம் திங்கட்கிழமை பெரிய டாக்டரே வந்து கதவோரம் நின்றார். மயிலம்மா கந்தோரில் லீவு கேட்டுக் காலையிலேயே வந்திருந்தாள். காளியப்பன் 48.1. அதை டாக்டர் குறித்துக்கொண்டார். பிறகு மயிலம்மா தராசில் ஏறினாள். தனியே 44. கட்டிலோரம் உட்கார்ந்திருந்த புருசனின் கக்கத்துக்குக் கீழே கையை வைத்தாள். இறுக்கவில்லை.

“ஒண்ணு” என்றார் காளியப்பன். “ரெண்டு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ம்.”

49. அவருடைய இரண்டு குதிகாலும் தரையில் அழுந்தின. 51. தொடை நடுங்கியது, நடுங்கியபடியே நிமிர்ந்தது. 48. முழங்கால் நேராகியது. 45. அவர் நின்றார். விபத்துக்குப் பிறகு முதன்முதலாக, கம்பையும் பிடிக்காமல், சுவரையும் பிடிக்காமல் நின்றார்.

இலக்கம் நிற்கவில்லை. 43 என்றது. 42. நிரோஷன் குனிந்து தராசின் கம்பி ஏதும் கழன்றுவிட்டதா என்று தேடினான். இது எப்படி, அவளுடைய நிறையே நாற்பத்து நாலல்லவா என்று டாக்டர் கேட்டார். ஸும்றா அப்போதுதான் தராசை விட்டுக் கண்ணை எடுத்து மேலே பார்த்தாள். மயிலம்மாவின் கைகள் கக்கத்தில் இல்லை. அவை காளியப்பனின் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்திருந்தன. முகம் அவர் நெஞ்சில் இருந்தது. அவள் அழுதுகொண்டு அவர்மேல் சாய்ந்திருந்தாள். குறைந்த இரண்டு கிலோவும் அவருடைய காலில் நின்றது.

காளியப்பனுக்குத் தராசு தேவைப்படவில்லை. தன்மேல் எவ்வளவு வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

“இன்னுங் கொஞ்சம் சாஞ்சுக்க புள்ள” என்றார். “நா நிக்கிறேன்.”

இலக்கம் இன்னும் ஒரு கிலோ இறங்கியது.